இரண்டு மெஷினா, ஒரு டூயல் கோரா

கல்யாணப் பத்திரிகை போடும் கம்ப்யூட்டரில் சாவு போஸ்டர் போடக் கூடாது. இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். தேரடி வீதியை ஒட்டிய சந்தில், மாடியில், ஒரே ஒரு அறையில் எங்கள் டிடிபி கடை இருந்தது. பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாவற்றையும் டிசைன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்புவோம். இந்த ஊரில் வருஷம் முழுக்கக் கல்யாணமும் உண்டு, சாவும் உண்டு. அதனால் வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

கடை ஆரம்பித்த புதிதில் ஒரே மெஷின்தான் வைத்திருந்தோம். போளூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பத்திரிகை புரூஃப் பார்க்க வந்தது. பெண்ணின் அத்தை திரைக்கு நேராக நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு ஃபைலை மூட, அதன் பின்னாலிருந்து கறுப்பு பார்டரோடு ஒரு பெரியவரின் படமும் ‘கண்ணீர் அஞ்சலி’யும் திரை முழுக்க வந்து நின்றன. “அய்யய்யோ! இன்னாங்க இது? எங்க பொண்ணு பேரையும் இதுலயே போட்டீங்களா?” என்று அந்த அம்மா போட்ட கூச்சலில் கீழே இருந்த பூக்கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். அவர்கள் புரூஃபைக்கூட வாங்காமல் போனார்கள்.

அதற்கப்புறம்தான் இரண்டு மெஷின். ஜன்னலோரம் இருந்தது நல்ல காரியத்துக்கு. அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. அதில் அவர் உட்காருவார். இன்னொன்று சுவரைப் பார்த்து, வருகிறவர்கள் கண்ணில் படாத மூலையில். அது என்னுடையது. ஏழெட்டு வருஷம் நான் செத்துப்போனவர்களோடுதான் குடித்தனம் நடத்தினேன் என்று கேட்கிறவர்களிடம் சொல்வேன். அவர் சிரிப்பார். அவர் போட்ட பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லை, ஒரு மாமன் பெயர் விட்டுப்போனதில்லை. அந்த விஷயத்தில் கொஞ்சம் திமிரே உண்டு அவருக்கு.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. மூன்று மாதத்தில் பேச்சு குழறிக் குழறித் திரும்பியது. கால் கொஞ்சம் வந்தது. கை வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேங்கிக்காலில் வாடகை வீடு. பகலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துச் சோறு போட்டுக் கொடுப்பார். மற்றதெல்லாம் நான்.

கடையிலும் எல்லாம் நான். ஜன்னலோரத்தில் கொஞ்ச நேரம், மூலையில் கொஞ்ச நேரம் என்று நாள் முழுக்க எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இரண்டும் பழைய சிங்கிள் கோர் மெஷின்கள். ஒரு போட்டோவுக்குப் பின்னால் நிழல் போடச் சொன்னால் திரையில் மணல் கடிகாரம் வந்து நிற்கும். அது போகும்வரை ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது, இன்னொரு ஃபைலைத் திறக்க முடியாது. பெரிய பேனர் என்றால் அது பாட்டுக்கு அரை மணி நேரம் நிற்கும். பக்கத்தில் நின்றுகொண்டு, “இன்னும் ஆகலயாங்க? பாடி எடுக்கப் போறாங்க” என்று ஆள் உயிரை வாங்குவார். நான் மெஷினைத் திட்டுவேன். வீட்டுக்குப் போயும் திட்டுவேன். “சனியன் புடிச்சது இன்னைக்கும் ஹேங் ஆயிடுச்சு” என்பதுதான் செருப்பைக் கழற்றும்போதே நான் சொல்லும் முதல் வார்த்தை. அப்புறம் இவருக்குத் தோசை, மாத்திரை, கால் கழுவிவிடுவது, படுக்கை. பேச்சு என்று ஒன்று எங்களுக்குள் இருந்ததா என்று கேட்டால் இல்லை. நான் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. வாயைத் திறக்கவே தெம்பு இருக்காது.

ஐப்பசி மழையில் ஒரு வாரத்துக்குள் இரண்டு மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச்சேர்ந்தன. மின்னல் வெட்டிய அன்று ஒன்று. நாலு நாள் கழித்து இன்னொன்று, காரணமே இல்லாமல்.

செங்கம் ரோட்டில் எங்களுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்று கூப்பிடுவார். அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“புதுசு எடுத்துடுங்கக்கா. உங்க பட்ஜெட்டுக்கு ஒரு டூயல் கோர் எடுக்கலாம். இல்லன்னா சிங்கிள் கோர்ல ரெண்டு எடுக்கலாம். அது இனிமே வராது, இருக்கிற ஸ்டாக்கைத் தள்ளணும்னு கம்மியா தர்றேன்.”

“என்ன வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“சிங்கிள் கோர்னா உள்ள ஒரே ஆளு. நீங்க ரெண்டு வேலை குடுத்தா இதைக் கொஞ்சம் பாப்பான், அதைக் கொஞ்சம் பாப்பான். வேகமா மாத்திக்கிறதால ரெண்டும் ஒண்ணா நடக்கிற மாதிரி நமக்குத் தெரியும். பெரிய வேலையா குடுத்தா மாட்டிப்பான். டூயல் கோர்னா உள்ள ரெண்டு ஆளு. ஒருத்தன் போட்டோவுக்கு நிழல் போட்டுனு இருப்பான். இன்னொருத்தன் நீங்க டைப் அடிக்கிறதைப் பாத்துப்பான்.”

“அப்போ எல்லாமே ரெண்டு மடங்கு வேகமா ஆவுமா?”

“அப்படிப் பொய் சொல்ல மாட்டேன்கா. ஒரே ஒரு வேலைன்னா பெருசா வித்தியாசம் தெரியாது. ரெண்டு வேலைன்னா ஒண்ணை ஒண்ணு இடிக்காது, அவ்ளோதான்.” பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கு நல்லதுதானேக்கா. ஒருத்தன் கல்யாணத்தைப் பாத்துப்பான், ஒருத்தன் சாவைப் பாத்துப்பான். ஆளு நீங்க ஒருத்தர்தானே? எதுக்கு ரெண்டு மெஷின்?”

ஆள் நான் ஒருத்திதான். அதுவரை யாரும் அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. நானும் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு மெஷின் வாங்கினால் ஜன்னலோர நாற்காலி அவருடையதாகவே இருக்கும். ஒன்று வாங்கினால், அவர் இனிமேல் கடைக்கு வரப்போவதில்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் கட்டிலில் சாய்ந்து, செயலற்ற கைக்குள் ரப்பர் பந்தை வைத்து இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்க வருகிறவர் சொல்லிவிட்டுப் போன வேலை. நான் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் பேச்சு என்றதும் முகம் தெளிந்துவிட்டது. ஸ்பீடு எவ்வளவு என்று கேட்டார். கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். சிங்கிள் கோருக்கு மூன்று கிகாஹெர்ட்ஸ், டூயல் கோருக்கு ஒன்று புள்ளி எட்டு.

“மூணு ஜாஸ்தியா, ஒண்ணு எட்டு ஜாஸ்தியா?” என்றார் குழறலாக.

“மூணுதான்.”

“அப்புறம் என்ன? ரெண்டு பேரு கையக் கோத்துனு மெதுவா நடந்தா வேகமா போய்டுவாங்களா? வேகமா ஓடறவன் ஒருத்தன் போதும்.”

“அவரு வேற மாதிரி சொல்றாருங்க.”

“அவன் விக்கிறவன், அப்படித்தான் சொல்வான். சாமான் விஷயத்துல நான் சொல்றதைக் கேளு. ரெண்டா எடு. கல்யாண மெஷின் தனியா இருக்கணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நான் வந்தா எதுல உக்கார்றது?”

பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் அந்த வருஷத்தில். கை திரும்ப வருமா என்று இவர் கேட்டதற்கு டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

மெஷின் இல்லாமல் இரண்டு நாள், தெரிந்தவருடைய பிரவுசிங் சென்டரில் ஒரு மூலையைக் கடன் கேட்டு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு நிச்சயதார்த்தக்காரர், ஒரு பதினாறாம் நாள் காரியக்காரர், இரண்டு பேரும் என் தலைக்கு மேல் நின்றார்கள். நடுவில் வாங்கி வைத்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, ஒரு டீக்காக. எனக்கு இரண்டு நாற்காலி வேண்டாம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயைச் சூடாகக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் என்று தோன்றியது. நேரே செங்கம் ரோட்டுக்குப் போய் டூயல் கோரை எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார். “ரெண்டும் வாங்கிட்டியா?”

உண்மையைச் சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்னால் அவர் முகம் என்ன ஆகும், அதை நான் எப்படிச் சமாதானப்படுத்துவது, அதற்கு எத்தனை நேரம் ஆகும், தோசைக்கு எப்போது கல் வைப்பது என்று யோசித்தேன். “வாங்கிட்டேன். ரெண்டையும் மாட்டியாச்சு” என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் இருந்த அன்பால் சொன்னேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அன்றைக்கு எனக்கு அழுகிற ஆளைத் தேற்றத் தெம்பில்லை, அதுதான் நிஜம்.

கடையில் புது மெஷினை என் பழைய மூலையிலேயே வைத்தேன். அவருடைய சட்டத்துக்கும் ஒரு வழி செய்துகொண்டேன். கடைக்காரரே அந்த ஒரே மெஷினுக்குள் தனித்தனியாக இரண்டு கணக்கு திறந்து கொடுத்தார். ஒன்றைத் திறந்தால் திரையில் கோபுரப் படம் வரும், அது கல்யாணத்துக்கு. இன்னொன்றில் படம் கிடையாது, வெறும் சாம்பல் நிறம். பத்திரிகைக்காரர்கள் படியேறும் சத்தம் கேட்டால் சாம்பலிலிருந்து கோபுரத்துக்கு மாறிவிடுவேன். சாவு ஃபைல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவருக்கும் தெரியாது. “இது நல்ல காரியத்துக்கு மட்டுந்தானேம்மா?” என்று கேட்பார்கள். “ஆமாங்க” என்பேன். முதல் ஒரு வாரம் நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது, அதைச் சொல்லியாக வேண்டும். பேனர் ஒரு பக்கம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு இன்னொரு பக்கம் மாமன் மச்சான் பெயர்களை அடித்துக்கொண்டிருப்பேன். ஏழரைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் ஆறரைக்கே வர ஆரம்பித்தேன்.

வந்ததும் அவர் கேட்பார். “என் மெஷின் எப்படி ஓடுது?”

முதல் நாள் “நல்லா ஓடுது” என்றேன். அது அவருக்குப் போதவில்லை. சத்தம் வருகிறதா, ஃபேனில் தூசி இருக்கிறதா, கீபோர்டு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நின்றுகொண்டு பதில் சொல்லக் கால் வலித்தது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். ஸ்பேஸ் பட்டன் கொஞ்சம் இறுகலாக இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை பூ வைத்தேன் என்றேன். மறுநாள் ஒரு பல்லி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது, விரட்டினேன், போகமாட்டேன் என்கிறது என்றேன். அவர் இடது பக்கத்து வாயால் சிரித்தார். “அது இருக்கட்டும், விடு. பத்திரிகைக்குப் பல்லி நல்லது” என்றார்.

போகப் போக பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இல்லாத மெஷினில் இல்லாத பத்திரிகைகளைப் போட்டேன். மாப்பிள்ளையின் படிப்பைப் பெண்ணுக்குப் போட்டு, கடைசி நிமிஷத்தில் கண்டுபிடித்ததாக ஒரு கதை. பெரியப்பா பெயருக்கு முன்னால் சித்தப்பா பெயர் வந்துவிட்டது என்று இரண்டு வீட்டாரும் என் தலைக்கு மேல் சண்டை போட்டதாக ஒரு கதை. சிலது நிஜமாக நடந்தது, மூலையிலேயே நடந்தது. அதை ஜன்னலோரத்துக்கு மாற்றிச் சொன்னேன். அவர் யோசனை சொல்வார், என் டிசைனில் குறை சொல்வார். “சிவப்புல மஞ்சள் எழுத்து வெக்காதன்னு எத்தனை வாட்டி சொல்றது?” என்று அதட்டுவார். எனக்கும் கோபம் வரும். இல்லாத பத்திரிகைக்காக இரண்டு பேரும் வாக்குவாதம் பண்ணுவோம். தோசை கருகும்.

அதே சமயம் எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார், நாம் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று படுத்த பிறகு புரண்டுகொண்டிருப்பேன். காலையில் எழுந்தால் வேலை. யோசிக்க நேரமில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் அன்னதான பேனர்கள் குவிந்தன. அதெல்லாம் முடிந்து, கூட்டம் வடிந்து, ரோட்டில் ஆட்டோ போக வழி கிடைத்த ஒரு நாள் அவர் சொன்னார். “பயிற்சி குடுக்க வர்றவரு பத்துப் படி ஏறலாம்னு சொல்லிட்டாரு. புடிச்சுக்கினு ஏறணும். என்னைக் கடைக்கு ஒரு நாள் இட்டுனு போ. என் மெஷின்ல சும்மா உக்காந்துட்டு வர்றேன்.”

வியாழக்கிழமை போகலாம் என்று சொல்லி இரண்டு நாள் தள்ளிவைத்தேன். அந்த இரண்டு நாளில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. செங்கம் ரோட்டுக் கடைக்காரரிடம் போய், உள்ளே ஒன்றுமில்லாத பழைய பெட்டி ஒன்று, அணைந்துபோன மானிட்டர் ஒன்று, கீபோர்டு ஒன்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். “கேக்காதீங்க, குடுங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மாடிக்கு நானே தூக்கினேன். ஜன்னலோரம் வைத்து, துடைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தேன். கரண்ட் கம்மியாக வருகிறது, இன்றைக்குப் போட முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். வெட்கமாக இருந்தது. அதைவிட இடுப்பு வலித்தது.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு, “நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆட்டோ சொல்லிட்டேன். ரெடியா இருங்க” என்றேன்.

அவர் பந்தைப் பக்கத்தில் வைத்தார்.

“ஆட்டோவை வேணாம்னு சொல்லிடு. அங்க என் மெஷின் இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“யார் சொன்னது? அந்தக் கடைக்காரரா?”

“ஒருத்தரும் சொல்லல. மெஷின் வாங்கின நாள்லருந்து நீ ஒரு நாளாவது ஹேங் ஆயிடுச்சுன்னு திட்டினு வந்தியா? சிங்கிள் கோருல உக்காந்துனு நீ திட்டாம வருவியா?” மூச்சு வாங்கினார். “மொதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. நீ எடுத்ததுதான் சரி. நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். நான் இனிமே அந்த நாற்காலிக்கு வரமாட்டேன்னு எனக்கும் தெரியும். கடைக்கு வர்றேன்னு சொன்னது, நீயா உண்மையைச் சொல்லுவியான்னு பாக்கத்தான்.”

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. இடுப்பு ஒடியப் பெட்டி தூக்கியவள் நான். ஒரு மாசமாகக் குற்றவாளி மாதிரி படுத்து எழுந்தவள் நான். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினேன்.

“தெரிஞ்சும் எதுக்குத் தினமும் என் மெஷின் எப்படி ஓடுது, என் மெஷின் எப்படி ஓடுதுன்னு என்னைக் கேட்டீங்க? என்னைப் பொய் சொல்ல வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“வேற என்ன கேட்டா நீ வந்து பக்கத்துல உக்காருவ?” என்றார்.

கல் காய்ந்து புகைந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில், தினமும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு ஏதாவது பேசலாம் என்று பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பொய்யைத் தவிர நாங்கள் உட்கார்ந்து பேச ஒரு விஷயம் கைவசம் இல்லாமல் போயிருந்தது.

அவர் இடது கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார்.

“பரவால்ல, அந்த மெஷினைப் பத்தியே சொல்லு. இன்னைக்கு இன்னா வேலை வந்துச்சு?”

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, சிவப்பில் மஞ்சள் எழுத்துதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றேன்.